அரை மல்லாட்டை

அன்றைக்கு இருந்தவர்கள் நான்கு பேர். திருவூடல் தெரு பிரவுசிங் சென்டரில், வாசலைப் பார்த்த மேசைக்குப் பின்னால், ஒரு சக்கரம் கழன்றுபோன சுழல் நாற்காலியில் சகாதேவன். சென்டரின் முதலாளி, என் சித்தி மகன். அவனுக்கு இடது பக்கம், பழைய பேட்டரி இரண்டின் மேல் போட்ட பலகையில் அவனுடைய அம்மா ராணியம்மாள், அதாவது என் சித்தி. நாலாம் நம்பர் தடுப்பில் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இனியா. வேங்கிக்காலிலிருந்து தினமும் வந்து சென்டரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். ஸ்கேனர் பக்கத்து ஸ்டூலில் அருணாதேவி ஆகிய நான்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வரை சொல்ல முடிவதற்குக் காரணம், அந்தக் கூட்டத்துக்கு நான் குறிப்பு எழுதினேன். கீழ்பென்னாத்தூரில் ஒரு மண்டியில் கடிதம் எழுதுவதும் வந்த கடிதத்தை வரிசைப்படுத்துவதும்தான் எனக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. எதையும் எழுதி, கீழே கையெழுத்து வாங்கினால்தான் அது நடந்ததாக எனக்குத் தோன்றும்.

2004-ஆம் வருஷம், வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று. பொருள்: என்னுடைய படக்கதையை இன்டர்நெட்டில் தொடராகப் போடுவது.

படக்கதையின் பெயர் 'மல்லாட்டை வீடு'. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஒரே ஓட்டுக்குள் இரண்டு கொட்டைகள் குடியிருக்கின்றன. ஒருவர் பெரியவர், ஒருவன் சின்னவன். இடையில் சுவர் கிடையாது. ஜன்னல் கிடையாது. வாடகையும் கிடையாது என்பதால் இருவரும் காலி செய்வதாக இல்லை. நாள் முழுக்கச் சண்டை. நான்கு கட்டத்தில் ஒரு சண்டை.

இதைச் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அறுபத்தொரு தடவை அனுப்பியிருக்கிறேன். அறுபத்தொரு தடவையும் நான் உள்ளே வைத்த தபால்தலை ஒட்டிய கவரிலேயே திரும்பி வந்தது. போன தேதி, வந்த தேதி எல்லாம் நோட்டில் இருக்கிறது. அறுபது தடவை அச்சடித்த சீட்டு. அறுபத்தொன்றாவது தடவை சீட்டின் அடியில் பச்சை மையில் இரண்டு வரி: "ஒன்றிரண்டு நன்றாக இருக்கின்றன. தவறாமல் தொடர்ந்து தர உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. – ஆதிமூலம், உதவி ஆசிரியர்."

கேள்வி கேட்டால் பதில் போடுவது என் தொழில். பதில் போட ஒரு வழி இருக்கிறது என்று காட்டியவள் இனியா. "யாரையும் கேக்க வேணாம்க்கா. நாமளே ஒரு பக்கம் ஆரம்பிச்சு நாமளே போட்டுக்கலாம். ஃப்ரீதான்" என்றாள்.

"அப்ப திருப்பி அனுப்ப மாட்டாங்களா?" என்றேன்.

"யாரு அனுப்புவா? நீங்கதான் உங்களுக்கே அனுப்பிக்கணும்."

எப்போது போடுவது என்பதில்தான் கொஞ்சம் பேச்சு. வாராவாரம் மண்டி வேலையில் முடியாது. மாதம் ஒன்று என்றால் எந்தத் தேதி? தேதி சொன்னால் மறந்துபோவார்கள். பௌர்ணமி என்று வைத்துவிட்டால் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் தெரியும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. தீர்மானம்: ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் மாலை ஆறு மணிக்கு, இந்த சென்டரிலிருந்து, ஒரு புதுப் படம். நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாளே நாற்பத்து மூன்று போஸ்ட்கார்டு வாங்கினேன். தெரிந்தவர்கள், படித்த பள்ளியில் வாத்தியார்கள், மண்டியோடு கடிதத் தொடர்பு உள்ள நான்கு எண்ணெய் ஆலைகள், எல்லோருக்கும் ஒரே வாசகம்: "வருகிற ஆனிப் பௌர்ணமி மாலை ஆறு மணிக்கு முதல் படம் வெளிவரும். அதன் பிறகு பௌர்ணமிதோறும் வரும்." கீழே இணைய முகவரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. நாற்பத்து மூன்றாவது கார்டு ஆதிமூலம் அவர்களுக்கு. அதில் மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: "தங்கள் கேள்விக்கு இது பதில்."

அதோடு நிற்கவில்லை. கெட்டி அட்டையில் சீட்டுக்கட்டு அளவுக்கு இருநூறு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் கையால் ஒரு மல்லாட்டை வரைந்தேன். ஓடு திறந்து, இடப்பக்கம் பெரியவர், வலப்பக்கம் சின்னவன். பின்னால் இணைய முகவரிக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்து குத்தினேன். ஒன்று மங்கினால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு குத்து. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று எண்ணம். கீழ்பென்னாத்தூரில் பார்க்கிறவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு மிச்சம்.

ஆனிப் பௌர்ணமி அன்று மதியம் மண்டியில் அரை நாள் லீவு போட்டேன். படம் பிளாஸ்டிக் ஃபைலில், அட்டைகள் மஞ்சள் பையில். கிரிவலக் கூட்டத்துக்காகத் திண்டிவனம் ரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடை. ஊர் முழுக்க மலை சுற்ற வந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பயந்தே நான் பௌர்ணமி அன்று டவுன் பக்கம் வந்ததில்லை. நாலரைக்குத் திருவூடல் தெருவை அடைந்தேன்.

சென்டர் வாசலில் வரிசை. படம் பார்க்க இவ்வளவு பேரா?

வரிசையில் இருந்தவர்கள் கையில் செருப்பு வைத்திருந்தார்கள்.

உள்ளே போனேன். கம்ப்யூட்டர்கள் எல்லாம் பெட்ஷீட் போர்த்தி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றாம் நம்பர் தடுப்பில் செருப்பு. இரண்டில் செருப்பு. மூன்றில் ஷூ, நான்கில் ஹவாய், ஐந்தில் குழந்தைகளுடையது. ஆறில் தரை தெரியவில்லை. ஸ்கேனர் மேல் யாருடையதோ குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி தனி மரியாதையோடு உட்கார்ந்திருந்தது. போன கார்த்திகை தீபத்திலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி சென்டரை மூடிவிட்டுச் செருப்பு பார்த்துக்கொள்ளும் கடை நடத்துகிறார்களாம். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சித்தி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோளில் கோணிப்பையோடு வந்த சகாதேவன் என்னைப் பார்த்து நின்றான்.

"இன்னாக்கா, இந்தக் கூட்டத்துல நீ எங்க?"

"படம் போட."

"எங்க?"

"இங்கதான்."

அவன் செருப்புகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி செருப்புகளைப் பார்த்தான். நான் நோட்டைத் திறந்து அவன் கையெழுத்தைக் காட்டினேன்.

"கையெழுத்து என்னுதுதான். நீ பௌர்ணமின்னு சொன்னப்ப நான் ஸ்கேனர் கேபிளோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். காதுல விழல."

"சித்தி, நீங்களும் போட்டிருக்கீங்க."

"எனக்கு இன்னாடி தெரியும்? இன்டர்நெட்டுல வரும்னுதான சொன்ன. அது அமெரிக்காவுலேர்ந்து தானா வரும்னு நெனச்சேன். நம்ம ஊட்டுலேர்ந்து போவணும்னு நீ சொல்லவே இல்ல."

அந்த நேரத்தில் வரிசையில் முன்னேறி வந்து சித்தியிடம் செருப்பைக் கழற்றி நீட்டியவள் இனியா. மலை சுற்றுவதற்காக அத்தை, மாமா, பெரியம்மா எல்லோரோடும் வந்திருந்தாள்.

"அக்கா? நீங்க நேத்தே வந்து போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு ஆறு மணின்னு நாப்பத்து மூணு பேருக்கு எழுதியிருக்கேனே. நேத்து எப்படிப் போடுவேன்?"

"நாளைக்குப் போட்டுடலாம்க்கா" என்றான் சகாதேவன். "ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுது? யாரு கடியாரத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கான்?"

ஃபைலிலிருந்து பச்சை மைச் சீட்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "தவறாமல்" என்ற வார்த்தையின் கீழ் நான் அடிக்கோடு போட்டிருந்தேன். முதல் படமே தவறினால் ஆதிமூலத்துக்கு நான் கொடுக்கிற பதில் என்ன? முடியாது என்பதுதானே. அறுபத்தொரு கவர் ஒட்டியது அதற்கா?

சகாதேவன் படித்தான். திருப்பிக் கொடுத்தான். "ஆறாம் நம்பர் தடுப்புக்குத்தான் போன் லைன் வருது. ஆனா அந்தத் தடுப்புல நூத்திப்பத்து ஜோடி கெடக்குதுக்கா. எங்க தூக்கி வெக்கறது? அம்மா ஒத்துக்கணும்."

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "வரிசையா வெச்சிருக்கேன். கலைச்சா அவ்ளோதான். ஆந்திராக்காரன் செருப்ப ஆரணிக்காரன் மாட்டிக்கினு போவான். பொழுது சாஞ்சா ரகளதான்."

மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். அப்போதுதான் சித்தியின் கை டப்பாவுக்குள் துழாவித் துழாவி வெறுமனே வந்தது. டோக்கன் தீர்ந்துவிட்டது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்த டோக்கன். நம்பரை இரண்டு தடவை எழுதி, குறுக்கே கிழித்து, ஒரு பாதி செருப்புக்கு, ஒரு பாதி ஆளுக்கு. வாசலில் இன்னும் நூறு பேர்.

"சகாதேவா, அட்டை எங்கடா?"

"எல்லாம் முடிஞ்சுதும்மா. போன மாசத்த விட கூட்டம் ஜாஸ்தி."

"கடைக்குப் போய் வாங்கியாடா."

"எந்தக் கடை தெறந்திருக்குது? எல்லாக் கடையிலயும் செருப்புதான் வெச்சிருக்கான்."

சித்தியின் பார்வை என் மஞ்சள் பையில் விழுந்தது. பை வாய் திறந்து, நூற்றுத் தொண்ணூற்றாறு மல்லாட்டைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது இன்னாடி கட்டு?"

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. பிறகு ஆறாம் நம்பர் தடுப்பைப் பார்த்தேன். பிறகு சித்தியைப் பார்த்தேன். மண்டியில் பேரம் எப்படி முடியும் என்று பன்னிரண்டு வருஷமாக எழுதிவருகிறவள் நான்.

"ஆறாம் நம்பரைக் காலி பண்ணுங்க. அட்டை உங்களுக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"சகாதேவா, ஆறை அஞ்சு மேல ஏத்துடா."

ஓடு எங்கே திறந்திருந்ததோ அங்கேயே நடுவில் கிழித்தாள் சித்தி. டர் என்று ஒரு சத்தம். பெரியவர் செருப்போடு போனார், சின்னவன் ஆளோடு போனான். அடுத்த அட்டையில் அவசரத்தில் மாறிப்போய்ப் பெரியவர் ஆளோடு போனார். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முத்திரை. மல்லாட்டைக்கென்று ஒன்றிலிருந்து புதிதாக நம்பரைப் பேனாவால் இனியா எழுதினாள். அத்தை, மாமா, பெரியம்மா எல்லோரும் ஓரமாக நின்று காத்திருந்தார்கள்.

"இது இன்னாம்மா, மல்லாட்டைக்குக் கண்ணு மூக்கெல்லாம் கீது?" என்றார் வரிசையில் ஒருவர்.

"டோக்கன்."

"பாதிதான் கீது."

"மீதி உன் செருப்புகிட்ட. போய்ட்டு வந்தா சேத்துக்கலாம்."

"எம்பொண்டாட்டிக்குப் பெருசு குடுத்துட்டு எனக்குச் சின்னது குடுக்கறியே."

"ஊட்டுல எப்படியோ அப்படித்தான் குடுத்திருக்கேன். நகரு."

பின்னால் நின்ற அந்த மனைவி சிரித்தது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்து இருபதுக்கு ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ஸ்கேனர் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்ததாக நினைத்தேன். திரையில் பார்த்தால் மூன்றாவது கட்டத்தில், ஓட்டுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு செருப்புத் தூசி. மறுபடி ஸ்கேன் செய்யப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். இனியா வந்து எட்டிப் பார்த்தாள்.

"மேகம் மாதிரி இருக்குதுக்கா. உட்டுடுங்க."

ஐந்து நாற்பதுக்கு லைன் கிடைத்தது. இனியா எழுதிக்கொடுத்த பதினேழு படிகளும் நோட்டில் இருந்தன. ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனேன். பதினைந்தாவது படி: அனுப்பு. நீலக் கோடு நகர ஆரம்பித்தது. இருபது சதவீதம். நாற்பது. ஐந்து ஐம்பதுக்கு எண்பத்திரண்டு.

எண்பத்திரண்டிலேயே நின்றது.

வாசலில் சித்தி, இன்டர்நெட் வரும் அதே லைனின் போனை எடுத்து ஒரு வயதானவரிடம் கொடுத்திருந்தாள். அவர் கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து, அவள் அங்கே இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திருக்கோவிலூரில்.

"சித்தி, போனை வைக்கச் சொல்லுங்க."

"பாவம், பொண்டாட்டிய காணோம்டி."

"அவங்க இங்கதான் நிக்கறாங்க பாருங்க" என்றாள் இனியா. உண்மையில் அந்த அம்மாள் அவருக்கு மூன்று ஆள் பின்னால், கையில் அட்டைப் பெரியவரோடு, இவர் யாரிடம் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ரிசீவர் கீழே வந்தது. பதினோராவது படியிலிருந்து திரும்ப. நீலக் கோடு. முப்பது, அறுபது. சகாதேவன் கோணிப்பையை இறக்கிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று கேட்டவன்தான்; இப்போது அவன் கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. "எண்பத்தஞ்சு. தொண்ணூறு. போக்கா போக்கா" என்றான், நான் என்னமோ சைக்கிள் மிதிப்பது மாதிரி.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பக்கம் திறந்தது.

நான்கு கட்டம். ஒன்று: "யாரோ ஓட்டைத் தட்டுகிறார்கள்" என்கிறார் பெரியவர். இரண்டு: "நீங்களே போய்ப் பாருங்கள்" என்கிறான் சின்னவன். மூன்று: "நான் வெளியே போனால் வீடே போய்விடும்" என்கிறார் பெரியவர், மேலே ஒரு மேகம். நான்கு: மண்டித் தரகர் மல்லாட்டையை எடுத்து, காய்ந்ததா என்று காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். காய்ந்த மல்லாட்டை உள்ளே சலசலக்கும். இதில் சண்டைச் சத்தம். "குடும்பம் குடியிருக்குது" என்று குவியலிலேயே திரும்பப் போட்டுவிடுகிறார்.

கீழே பார்வையாளர் எண்ணிக்கை: 1. அது நான்.

டோக்கன் வாங்கியவர்கள் தடுப்புக்கு மேல் தலையை நீட்டிவிட்டார்கள். "டேய், நம்ம டோக்கன்ல கீறவன்டா." "இதுல நான் யாரு?" "நீ சின்னவன். ஊட்டு வேலைய அடுத்தவன் தலையில கட்டறான் பாரு, நீயேதான்." ஒருவர் மூன்றாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "மழை வரப்போவுதுன்னு காட்டறாங்க" என்று தன் பெண்ணுக்கு விளக்கினார். என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஃபைலால் முகத்தை விசிறிக்கொண்டு, காரணமில்லாமல் ஐந்தாம் நம்பர் தடுப்பில் சரிந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கினேன். அத்தனையும் தப்பு ஜோடி என்று சித்தி பிறகு திட்டினாள்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சென்டருக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்தேன். எண்ணிக்கை 213. போஸ்ட்கார்டு போனது நாற்பத்து மூன்று பேருக்கு. அதில் பார்த்ததாகப் பதில் எழுதியவர்கள் எட்டுப் பேர். மீதியெல்லாம் பாதி மல்லாட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு, செருப்பை வாங்கிய பிறகும் அதைத் தராமல் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள். பக்கத்தின் கடைசியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இனியா ஓர் இடம் விட்டிருந்தாள். அதில் ஒன்று: "நான் 87. திரும்ப வரும்போது வரிசை பெரிதாக இருந்ததால் வெறுங்காலிலேயே வேலூர் வந்து சேர்ந்தேன். படம் பரவாயில்லை. அடுத்த பௌர்ணமி வரை செருப்பு பத்திரம். இப்படிக்கு, சடையன்."

"87 எங்க சித்தி?" என்றேன்.

சித்தி கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதற்கு நான்கு நாள் கழித்து மண்டி முகவரிக்கு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. பச்சை மை. "ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பார்த்தேன். மூன்றாம் கட்டத்து மேகம் நல்ல கற்பனை. ஒன்று வந்துவிட்டது. பிறகு? – ஆதிமூலம்."

பார்த்திருக்கிறார். ஆறு ஐந்துக்கே பார்த்திருக்கிறார். மண்டியில் யாருக்கும் தெரியாமல் மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்று அந்தக் கார்டை ஒன்பது தடவை படித்தேன். கடைசியில் 'பிறகு?' என்ற வார்த்தையின் கீழ் அடிக்கோடு போட்டேன். ஆடிப் பௌர்ணமிக்கும் அதே செருப்பு வரும். அதே ஆறாம் நம்பர். அட்டையும் தீர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு இரண்டாவது கூட்டம். சகாதேவன் அதே நாற்காலியில். இப்போது இரண்டு சக்கரம் இல்லை. இனியா நாலாம் நம்பரில். நான் ஸ்டூலில். சித்தி பலகையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"எல்லாரும் அந்த டோக்கன்தான் கேக்கறாங்க. போளூரான் ஒருத்தன் நேத்து வந்து, போன தடவ பெரியவர் வந்தாரு, இந்தத் தடவ சின்னவன் எடுத்து வெய்யின்னு சொல்லிட்டுப் போறான். ஆடிப் பௌர்ணமிக்கு ஐநூறு வேணும். ஒரே மூஞ்சி குடுக்கக் கூடாது, மாசத்துக்கு ஒரு படம் மாத்திக் குடு."

"ஐநூறு கையால வரைய முடியாது சித்தி."

"ஒண்ணு வரை. மீதிய அவன் ஜெராக்ஸ் போடுவான்."

"அப்ப ஆறாம் நம்பர்?"

"அதுல ஒரு செருப்பு வெச்சா என் கைய ஒடி. போனையும் பூட்டி வெக்கறேன். ஆனா ஒண்ணு. பௌர்ணமிக்கு மூணு நாள் முன்னாடி புதுப் படம் என் கைக்கு வரணும். வரலன்னு வெய்யி, கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறி வந்து ஒங்க மண்டி வாசல்ல ஒக்காந்துக்குவேன்."

அவள் செய்வாள். மண்டியில் எல்லோருக்கும் அது தெரியும். ஒரு தடவை வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன். அறுபத்தொரு கவரில் எனக்குக் கிடைக்காத பதில் எதிரில் நின்று, யாருடையதோ 87-ஆம் நம்பர் செருப்போடு, விரலை ஆட்டிக்கொண்டிருந்தது.

தீர்மானத்தை எழுதி நால்வரிடமும் கையெழுத்து வாங்கினேன். இந்தத் தடவை கையெழுத்துக்கு முன்னால் மூன்று பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கடிதத்தையும் எழுதினேன்.

"அனுப்புநர்: கா. அருணாதேவி, கீழ்பென்னாத்தூர். பெறுநர்: திரு. ஆதிமூலம் அவர்கள், உதவி ஆசிரியர். பொருள்: 'மல்லாட்டை வீடு' தவறாமல் வருவது குறித்து. பார்வை: தங்கள் அஞ்சலட்டையில் உள்ள 'பிறகு?' என்ற கேள்வி.

ஐயா, தொடர்ந்து தர முடியும். காரணம், எங்கள் சித்தி. இரண்டாவது படம் ஆடிப் பௌர்ணமி மாலை ஆறு மணிக்கு. மூன்றாவது, அதற்கு அடுத்த பௌர்ணமி. மேகம் கற்பனை அல்ல, செருப்புத் தூசி. இதை மறைக்க மனம் வரவில்லை. இணைப்பு: ஒன்று."

"இன்னாக்கா இணைப்பு?" என்றான் சகாதேவன்.

மஞ்சள் பையின் அடியில் கிழியாத அட்டை ஒன்றே ஒன்று தங்கியிருந்தது. நடுவில் கிழித்தேன். இரண்டு பாதியிலும் 1 என்று எழுதினேன். சின்னவனைக் கவருக்குள் வைத்தேன், பெரியவரை நோட்டுக்குள் வைத்தேன். திரும்பி வருவதற்கு உள்ளே வேறு கவர் எதுவும் வைக்கவில்லை.

"எப்ப வந்தாலும் செருப்பு உடலாம்னு எழுது" என்றாள் சித்தி. அதையும் பின்குறிப்பாகச் சேர்த்தேன். பசையை ஓரம் முழுக்கத் தடவி, மூடி, ஆறாம் நம்பர் மேசை மேல் வைத்து உள்ளங்கையால் நூறு எண்ணும் வரை அழுத்தினேன். தெருமூலைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன்: பகல் பன்னிரண்டு நாற்பது.